யுராய் திரானோவ்ஸ்கி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பிய ஞானப்பாட்டுகளின் வரலாற்றைப் புரட்டுகிறவர்களுக்கு என்றாவது ஒருநாள் இந்தப் பெயர் கண்ணில் படும். பட்டதும் "யார் இவர், எந்த நாட்டுக்காரர்?" என்று குழம்புவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். நண்பர்கள் கேட்கக் கேட்கச் சொன்ன பதில்களை ஒரே இடத்தில் சேர்த்து வைத்திருக்கிறேன்.

யார் இந்தத் திரானோவ்ஸ்கி? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1592 முதல் 1637 வரை வாழ்ந்த லுத்தரன் போதகர், கவிஞர். 1636இல் 'சிதாரா சாங்க்டோரும்' என்ற ஞானப்பாட்டுப் புத்தகத்தைத் தொகுத்து அச்சுக்குக் கொடுத்தார். அடுத்த மூன்றரை நூற்றாண்டுக்கு ஸ்லோவாக் லுத்தரன்கள் கோயிலிலும் வீட்டிலும் சாவு வீட்டிலும் பாடியது பெரும்பாலும் அதிலிருந்துதான்.

ஒரே ஆளுக்கு ஏன் இத்தனை பெயர்கள்?

ஸ்லோவாக்கில் யுராய் திரானோவ்ஸ்கி, செக்கில் யிர்ஷி, போலிஷில் யெழி, லத்தீனில் கெயோர்கியுஸ் திரானோஸ்கியுஸ். முதற்பெயர் எல்லாம் நம்மூர் ஜார்ஜ்தான். குடும்பப்பெயர் முன்னோர்களின் கிராமத்துப் பெயரிலிருந்து வந்தது. படித்தவர்கள் தங்கள் பெயரை லத்தீனாக்கிக்கொள்வது அந்தக் காலத்து வழக்கம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஸ்லோவாக் வீடுகளில் யாரும் புத்தகத்தின் லத்தீன் தலைப்பைச் சொல்லிக் கேட்பதில்லை. 'திரானோஸ்கியுஸ்' என்றாலே புத்தகம்தான். நம் இலக்கணத்தில் 'திருவள்ளுவர் படித்தேன்' என்பதைக் கருத்தாவாகுபெயர் என்போமே, அதே கதை. கடைசியில் ஆளை மறந்துவிட்டு, அது ஏதோ புத்தகவகையின் பெயர் என்று நினைத்துக்கொண்டவர்களும் இருந்திருப்பார்கள்.

சரி, அவர் ஸ்லோவாக்கா, செக்கா, போலிஷ்காரரா?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. நேரான பதில் கிடையாது.

பிறந்தது சிலேசியாவில், தியெஷின் என்ற ஊரில். அந்த ஊரே இன்று ஓல்சா ஆற்றால் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. ஒரு கரை போலந்து, மறுகரை செக் குடியரசு. 1920இல் போட்ட கோடு அது. அவர் காலத்தில் அங்கே போலிஷ், செக், ஜெர்மன் மூன்றும் புழங்கின. படித்தது ஜெர்மானிய ஊர்களில். முதல் வேலைகள் பொஹீமியாவிலும் மொராவியாவிலும், அதாவது இன்றைய செக் நாட்டில். கடைசி எட்டு ஆண்டுதான் இன்றைய ஸ்லோவாக்கியாவில். அப்போது 'ஸ்லோவாக்கியா' என்ற நாடு கிடையாது. ஹங்கேரி அரசின் வடபகுதி, ஹாப்ஸ்பர்க் மன்னர்களின் ஆட்சி.

ஆக, பிறப்பை வைத்துப் பார்த்தால் ஒன்று, எழுதிய மொழியை வைத்துப் பார்த்தால் இன்னொன்று. ஆனால் யார் அவரைக் கடைசிவரை கையில் வைத்திருந்தார்கள் என்று பார்த்தால் ஸ்லோவாக்குகள்தான். என் கணக்கில் அதுதான் செல்லும்.

படிப்பு, குடும்பம் பற்றி?

தந்தை செம்புப் பாத்திரம் அடிக்கும் தொழிலாளி. பையன் கூபென், கோல்பெர்க் பள்ளிகளில் படித்துவிட்டு 1607இல் விட்டன்பர்க் பல்கலைக்கழகம் போனான். அப்போது வயது 15. மார்ட்டின் லுத்தர் பாடம் நடத்திய அதே இடம்; லுத்தர் இறந்து அறுபது ஆண்டுதான் ஆகியிருந்தது.

பிறகு பிராகில் புனித நிக்கோலாஸ் பள்ளியில் ஆசிரியர், மொராவியாவில் ஹோலெஷோவ் என்ற ஊரில் பள்ளித் தலைவர். அங்கிருந்து வலாஷ்ஸ்கே மெஸிரீச்சி என்ற மலையடிவார ஊர். 1616இல் அங்கே போதகராக அபிஷேகம் பெற்றார். இந்த ஊர்ப்பெயரை ஒரே மூச்சில் சொல்ல எனக்கு ஒரு வாரம் பிடித்தது. மனைவி பெயர் அன்னா, 1615இல் திருமணம்.

1620 என்ற ஆண்டை ஏன் எல்லோரும் குறிப்பிடுகிறார்கள்?

அந்த ஆண்டு நவம்பர் 8ஆம் தேதி பிராகுக்கு வெளியே வெள்ளைமலைப் போர் நடந்தது. புராட்டஸ்டண்ட் பிரபுக்களின் படை சில மணி நேரத்தில் சிதறியது. வென்ற ஹாப்ஸ்பர்க் பேரரசர் இரண்டாம் பெர்டினாண்ட் அதன்பிறகு பொஹீமியாவையும் மொராவியாவையும் கத்தோலிக்க நாடுகளாக்குவதில் இறங்கினார். போதகர்கள் துரத்தப்பட்டார்கள். 1627இலும் 1628இலும் வந்த புதிய சட்டங்களின்படி அங்கே கத்தோலிக்கம் ஒன்றுக்குத்தான் இடம்.

அதே 1620இல்தான் திரானோவ்ஸ்கி லுத்தரன்களின் அடிப்படை ஆவணமான ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையைச் செக்கில் மொழிபெயர்த்து ஒலொமோத்ஸ் நகரில் அச்சிட்டிருந்தார். நேரம் பார்த்து அடித்ததுபோல் இருக்கிறது, இல்லையா? "நாங்கள் நம்புவது இது" என்று அவர் செக் பேசுகிறவர்களுக்கு எழுதிக்கொடுத்த கையோடு, அதை நம்புவதே குற்றமாகிவிட்டது.

அவருக்கு நேர்ந்ததென்ன?

சபையாரோடு மெஸிரீச்சியை விட்டு ஓடினார். பிறந்த ஊரான தியெஷினில் தங்கியபோது கொள்ளைநோய் வந்தது. மூன்று குழந்தைகளைப் பறிகொடுத்தார். திரும்பி மெஸிரீச்சிக்கு வந்தார், 1623இல் சிறை. வெளியே வந்தபின் மறுபடி கொள்ளைநோய், அவர் சபையில் பலரை வாரிக்கொண்டு போனது. பிறகு சிலேசியாவில் பியெல்ஸ்கோ நகரில் போதகர் வேலை. 1629இல் பிரெக் என்ற ஊரில் அவருடைய லத்தீன் பாட்டுத் தொகுதி, மூன்று பாகமாக, அச்சானது.

அந்த வரிசையைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். போர், ஓட்டம், மூன்று குழந்தைகள், சிறை, இன்னொரு நோய், இன்னொரு ஓட்டம். எல்லாம் ஏழெட்டு ஆண்டுக்குள். அந்த மனிதர் உட்கார்ந்து, பழைய ரோமானியக் கவிஞர்களின் யாப்பில் அடி பிசகாமல் லத்தீன் பா எழுதிக்கொண்டிருக்கிறார். முதலில் படித்தபோது இது கல்நெஞ்சம் என்றுகூட எனக்குத் தோன்றியது. இப்போது அப்படித் தோன்றவில்லை. வீடே ஆடும்போது சிலர் எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்வார்கள். குறில் நெடில், அசை சீர் என்று.

ஏன் ஸ்லோவாக் பக்கம் போனார்?

அங்கே லுத்தரன்களுக்கு மூச்சுவிட இடம் இருந்தது. ஹங்கேரியின் பிரபுக்கள் 1606இல் வியன்னா உடன்படிக்கை மூலம் மதச் சுதந்திரம் வாங்கிவைத்திருந்தார்கள். 1610இல் யுராய் துர்ஸோ என்ற பெரும் பிரபு ஸிலினா நகரில் ஒரு பேரவை கூட்டி, லுத்தரன் சபைகளுக்குத் தனி நிர்வாகத்தையே அமைத்துக்கொடுத்தார்.

திரானோவ்ஸ்கியை அழைத்தவர் காஸ்பர் இல்லெஷ்ஹாஸி என்ற பிரபு. ஒராவா கோட்டையில் அரண்மனைப் போதகர் பதவி. அந்தக் கோட்டையைப் படத்தில் பார்த்தாலே கழுத்து வலிக்கும். ஆற்றுக்கு மேல் செங்குத்தான பாறை, அதன் உச்சியில் கட்டடம். 1631இல் அங்கிருந்து இறங்கி லிப்தோவ் பள்ளத்தாக்கில் இன்றைய லிப்தோவ்ஸ்கி மிக்குலாஷ் சபைக்குப் போதகராக வந்தார். இறக்கும்வரை அங்கேதான்.

'சிதாரா சாங்க்டோரும்' என்றால் என்ன பொருள்?

'பரிசுத்தவான்களின் சுரமண்டலம்'. இதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் தமிழ் பைபிளைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

1635இல், அதாவது பாட்டுப் புத்தகத்துக்கு ஒரு வருடம் முன்னால், திரானோவ்ஸ்கி ஒரு ஜெபப் புத்தகம் வெளியிட்டார். அதன் லத்தீன் தலைப்புக்குத் 'தூபவர்க்கக் கலசம்' என்று பொருள். இப்போது வெளிப்படுத்தின விசேஷம் 5ஆம் அதிகாரம் 8ஆம் வசனத்தைத் திறந்து பாருங்கள். இருபத்துநான்கு மூப்பர்கள் ஆட்டுக்குட்டியானவருக்கு முன் விழுகிறார்கள். அவர்கள் கையில் என்ன இருக்கிறது? சுரமண்டலங்கள், அப்புறம் பரிசுத்தவான்களுடைய ஜெபங்களாகிய தூபவர்க்கம் நிறைந்த பொற்கலசங்கள். லத்தீன் பைபிளில் அந்த இடத்தில் வரும் சொற்கள்தான் அப்படியே இரண்டு தலைப்பிலும்.

ஒரு வசனம், இரண்டு புத்தகம். ஒரு கைக்குச் சுரமண்டலம், மறு கைக்குக் கலசம். அந்த மூப்பர்கள் கையில் இருந்ததை எடுத்து லிப்தோவ் விவசாயியின் கையில் கொடுத்துவிட்டார். தலைப்பு வைக்கத் தெரிந்தவர்.

புத்தகத்துக்குள் என்ன இருக்கிறது?

முதற்பதிப்பில் 414 பாட்டுகள். எல்லாமே அவர் எழுதியவை அல்ல. ஏறக்குறைய 150 அவர் கைப்பட்டவை என்று கணக்கிடுகிறார்கள். சில புதிதாக எழுதியவை, சில லத்தீனிலிருந்தும் ஜெர்மனிலிருந்தும் பெயர்த்தவை. மீதி அவர் திரட்டியது. லுத்தருக்கு நூறாண்டு முந்தைய செக் சீர்திருத்தவாதி யான் ஹூஸைப் பின்பற்றியவர்கள் பாடிய பழைய செக் பாட்டுகள், லுத்தரின் பாட்டுகள், உள்ளூரில் வாய்வழி ஓடிக்கொண்டிருந்தவை என்று பல கரையிலிருந்தும் சேர்ந்த தண்ணீர்.

கிறிஸ்மஸ், தபசு காலம், உயிர்த்தெழுதல் என்று திருச்சபை ஆண்டின் வரிசைக்கு உண்டு. ஞானோபதேசத்துக்கு உண்டு. காலையில் எழுந்ததும் பாட, படுக்கப்போகும் முன் பாட, நோய்க்கு, யுத்தத்துக்கு, அடக்கத்துக்கு என்றும் உண்டு. மூன்று குழந்தைகளை அடக்கம் செய்த ஒருவர் அடக்கப் பாட்டுகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்ற நினைப்போடு அந்தப் பகுதியைப் புரட்டினால், ஒரு பக்கம் தாண்டவே நேரமாகும்.

அவர் செய்த பெரிய வேலை எழுதியதைவிடத் திருத்தியதுதான் என்பது என் அபிப்பிராயம். பாட்டு வாயில் ஓடும்போது அசை கூடும், குறையும், சொல் தேயும். லத்தீன் யாப்பில் ஊறியவர், பழைய பாட்டுகளை எடுத்து மெட்டோடு பொருந்தும்படி சீராக்கி வைத்தார். பாடுகிறவனுக்கு நாக்கு தட்டாது. அதனால்தான் மனப்பாடம் ஆனது.

எங்கே அச்சடித்தார்கள்?

லெவோச்சாவில். மிக்குலாஷுக்குக் கிழக்கே உள்ள பழைய வணிக நகரம். பிரேவர் குடும்பத்தின் அச்சகம், வாவ்ரினெத்ஸ் பிரேவர் என்பவர் நடத்தியது. அந்தக் காலத்தில் அந்த வட்டாரத்தில் பேர்பெற்ற அச்சகம் அது. பின்னால் 1685இல் கல்வியாளர் கொமேனியுஸின் படப்பாடநூலான 'ஓர்பிஸ் பிக்டுஸ்' நான்கு மொழிகளில் இங்கேதான் அச்சானது.

எந்த மொழியில் எழுதினார்? கிராமத்து ஸ்லோவாக்குகளுக்குப் புரிந்ததா?

செக் மொழியில். இன்னும் சரியாகச் சொன்னால் கிராலித்ஸே பைபிளின் செக்கில். 1579க்கும் 1594க்கும் இடையில் ஆறு பாகமாக வந்த மொழிபெயர்ப்பு அது. ஸ்லோவாக் லுத்தரன்கள் அதையே கோயில் மொழியாக எடுத்துக்கொண்டார்கள். 'பைபிள் மொழி' என்றே அதற்குப் பெயர்.

புரிந்தது. ஸ்லோவாக்கும் செக்கும் அவ்வளவு நெருக்கம். ஆனால் பேச்சு வேறு, பாட்டு வேறு. சந்தையில் ஒன்று பேசுவார்கள், ஞாயிற்றுக்கிழமை இன்னொன்று பாடுவார்கள். இரட்டை வழக்கில் வளர்ந்த தமிழர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஸ்லோவாக்குக்கென்று தனி எழுத்துமொழியை அந்தோன் பெர்னோலாக் 1787இல் வகுத்தார். இன்றைய வடிவத்துக்கு அடிப்படை போட்டவர் லுதோவீத் ஷ்தூர், 1840களில். ஷ்தூரே லுத்தரன். இருந்தும் லுத்தரன் கோயில்களில் பாட்டு மட்டும் பழைய மொழியிலேயே நின்றது. ஸ்லோவாக் மொழியில் புதிய பாட்டுப் புத்தகம் வந்து திரானோஸ்கியுஸின் இடத்தைப் பிடித்தது 1992இல்தான். பார்சிலோனாவில் ஒலிம்பிக் நடந்த வருடம்!

அவரைப் 'பரோக்' எழுத்தாளர் என்று சொல்வது சரியா?

பரோக் என்பது 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் உணர்ச்சி ததும்பும் கலைநடை. அந்தப் பெயர் இவருக்கு அரைவாசி சரி. லத்தீன் பாக்களைப் பார்த்தால் அவர் பழைய கிரேக்க, லத்தீன் இலக்கியங்களை முன்மாதிரியாகக் கொண்ட முந்தைய மரபுக்காரர். ஸ்லோவாக் இலக்கிய வரலாற்றில் பரோக் காலம் முழுவீச்சில் வருவது 1650க்குப் பிறகு. அப்போது இவர் உயிரோடு இல்லை. ஆனால் தலைமாட்டில் மரணம் நிற்பதை மறக்காத குரல், கண்ணீரையும் கொண்டாட்டத்தையும் ஒரே பாட்டில் வைக்கும் துணிச்சல், இதெல்லாம் அடுத்து வந்த பரோக் கவிஞர்களுக்கு இவர் புத்தகத்திலிருந்துதான் போனது. வாசலில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புத்தகம் வந்தபோது கொண்டாடினார்களா?

அவருக்குக் கொண்டாட நேரமில்லை. 1636இல் புத்தகம், 1637 மே 29இல் மரணம். நோயில் கிடந்து இறந்தார். வயது 45.

பிறகு எப்படி அந்தப் புத்தகம் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்தது?

எனக்கு இதுதான் முக்கியமான கேள்வி.

அவர் ஓடிவந்து ஒதுங்கிய இடமும் அதிக நாள் பாதுகாப்பாக இருக்கவில்லை. 1670களில் பேரரசர் முதலாம் லியோபோல்டின் காலத்தில் ஹங்கேரியிலும் நெருக்குதல் தொடங்கியது. 1674இல் பிராத்திஸ்லாவாவில் ஒரு சிறப்பு நீதிமன்றம் கூடியது. 700க்கும் மேற்பட்ட புராட்டஸ்டண்ட் போதகர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் அழைப்பாணை. வந்து நின்றவர்கள் 300க்கு மேல். ராஜத்துரோகம் என்று குற்றச்சாட்டு. பதவியைத் துறந்து எழுதிக்கொடு, இல்லையேல் நாட்டைவிட்டுப் போ. இரண்டுக்கும் மறுத்தவர்கள் கோட்டைச் சிறைகளுக்குப் போனார்கள். அவர்களில் நாற்பது பேரளவில் இத்தாலிக்கு நடத்திக் கொண்டுபோய், நேப்பிள்ஸில் துடுப்புக் கப்பல் அடிமைகளாக விற்றுவிட்டார்கள். எஞ்சிய 26 பேரை 1676 பிப்ரவரி 11ஆம் தேதி டச்சுக் கடற்படைத் தளபதி டி ரைட்டர் மீட்டார்.

இப்போது ஊரில் என்ன நிலைமை என்று யோசியுங்கள். போதகர் இல்லை. கோயில் கையைவிட்டுப் போய்விட்டது. பள்ளிக்கூடம் மூடியாகிவிட்டது. என்ன மிஞ்சும்? பெட்டிக்குள் இருக்கிற புத்தகம். குடும்பத் தலைவர் பைபிளில் ஒரு பகுதி வாசிப்பார், அப்புறம் திரானோஸ்கியுஸைப் புரட்டி எல்லோரும் பாடுவார்கள். போதகர் செய்கிற வேலையில் பாதியை அந்தப் பாட்டுகளே செய்துவிட்டன. உபதேசம், ஜெபம், ஆறுதல், அடக்க ஆராதனை எல்லாம் அதற்குள் இருந்தது. ஆளைக் கப்பலுக்கு விற்கலாம். மனப்பாடமான பாட்டை என்ன செய்ய முடியும்?

1681இல் ஷோப்ரோன் சட்டமன்றம் சிறிது இறங்கிவந்தது. ஒரு மாவட்டத்துக்கு இரண்டு லுத்தரன் கோயில் என்று அனுமதித்தார்கள். அதிலும் நிபந்தனைகள்: ஊருக்கு வெளியே அல்லது ஓரத்தில், மரத்தால், கோபுரம் இல்லாமல். இப்படி எழுந்த மரக்கோயில்களில் ஹிரோன்செக், கெஷ்மாரோக், லெஷ்தினி ஆகிய ஊர்களில் உள்ளவை 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. ஹிரோன்செக் கோயில் 1725-26இல் கட்டியது. உள்ளே 1,100 பேர் உட்காரலாம். வெளியிலிருந்து பார்த்தால் பெரிய களஞ்சியம் மாதிரி இருக்கும்.

மாவட்டத்துக்கு இரண்டே இரண்டு கோயில் என்றால் மலைக்கிராமத்துக்காரர் எத்தனை முறை நடந்து போக முடியும்? பனிக்காலத்தில்? ஆக, சட்டம் தளர்ந்த பிறகும் பாட்டுப் புத்தகம் வீட்டுக்கோயிலாகவே தொடர்ந்தது. 1781இல் இரண்டாம் ஜோசப் பேரரசர் சகிப்பு ஆணை பிறப்பிக்கும்வரை நிலைமை இதுதான், நூறு ஆண்டு.

எல்லைக்கு அப்பால் பொஹீமியாவிலும் மொராவியாவிலும் இன்னும் மோசம். அங்கே ரகசியமாக லுத்தரன்களாக வாழ்ந்த குடும்பங்களுக்கு இந்தப் புத்தகம் கடத்தல் சரக்காகப் போனது. அந்தோனீன் கோனியாஷ் என்ற இயேசு சபைத் துறவி வீடுவீடாகப் புத்தக வேட்டை ஆடி, தடைசெய்ய வேண்டியவற்றுக்குப் பட்டியலே 1729இல் அச்சிட்டார். அவர் தேடிய புத்தகவகையில் இதுவும் ஒன்று.

கத்தோலிக்கர்கள் சும்மா இருந்தார்களா?

இல்லை, பாட்டுக்குப் பாட்டு கொடுத்தார்கள். 1655இல் பெனடிக்ட் செல்லெஷி என்ற இயேசு சபைத் துறவி தொகுத்த 'காந்துஸ் கத்தோலிசி' வந்தது. அதுவும் லெவோச்சாவில், அதே பிரேவர் அச்சகத்தில்! அச்சுக்காரருக்கு எல்லா வாடிக்கையாளரும் ஒன்றுதான். இந்தப் போட்டியால் லாபமடைந்தது ஸ்லோவாக் பாட்டு. கத்தோலிக்கப் புத்தகத்தின் மொழி பேச்சு ஸ்லோவாக்குக்கு இன்னும் நெருக்கமானது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

புத்தகம் அப்படியேதான் இருந்ததா?

வளர்ந்துகொண்டே போனது. ஒவ்வொரு தலைமுறையும் தன் பங்குக்குச் சேர்த்தது. 414இல் தொடங்கியது ஆயிரத்தைத் தாண்டியது. மொத்தம் 150க்கும் மேற்பட்ட பதிப்புகள். பிற்காலப் பதிப்புகளில் இசைக்குறிப்பு இருக்காது. 'இன்ன பாட்டின் மெட்டு' என்று தலையில் ஒரு வரி போட்டிருக்கும். தெரிந்தவர் தொடங்க வேண்டும், மற்றவர்கள் தொடர வேண்டும்.

பழைய பிரதி ஒன்றைப் பார்த்தால் எடைதான் முதலில் தெரியும். செங்கல் பருமன், தோல் அட்டை, மூடிவைக்கப் பித்தளைக் கொக்கி, உள்ளே கறுத்த கோண எழுத்து. அட்டையின் உட்புறத்தில் மையால் எழுதிய வரிகள் இருக்கும்: யார் எப்போது பிறந்தார், யார் எப்போது இறந்தார். குடும்பப் பதிவேடும் அதுவே. 18ஆம் நூற்றாண்டில் ஸ்லோவாக் லுத்தரன் விவசாயிகள் தெற்கே சமவெளிக்கு, இன்றைய ஹங்கேரியின் பேகேஷ்சபாவுக்கும் செர்பியாவின் வொய்வோதினாவுக்கும், பெயர்ந்தபோது வண்டியில் இதையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். பின்னால் அமெரிக்கா போனவர்கள் கப்பலிலும்.

'ஸ்லாவியர்களின் லுத்தர்' என்கிறார்களே?

மேடைப் பட்டம். எனக்கு அது ஒட்டவில்லை. லுத்தர் சண்டைக்காரர், தன் வாதங்களைக் கோயில் கதவில் அறைந்து விவாதத்துக்கு அழைத்தவர் என்று சொல்லப்படுபவர். திரானோவ்ஸ்கி தொடங்கியவர் அல்ல, காப்பாற்றி வைத்தவர். ஒப்பிட்டே ஆகவேண்டும் என்றால் பவுல் கெர்ஹார்ட்டைச் சொல்வேன். பெரிய வெள்ளியன்று தமிழ்ச் சபைகளில் பாடும் 'இரத்தம் காயம் குத்தும்' பாட்டின் ஜெர்மன் மூலம் அவருடையது. அவரும் முப்பதாண்டுப் போர்க் (1618-48, வெள்ளைமலைப் போரும் அதில் ஒன்று) காலத்தவர், அவரும் குழந்தைகளை அடக்கம் செய்தவர்.

இவரைப்போல் வேறு ஸ்லோவாக் போதகர்-எழுத்தாளர்கள் உண்டா?

உண்டு, சாகசத்தில் இவரைத் தூக்கிச் சாப்பிடுகிறவர்கள். ஷ்தெஃபான் பிலாரிக் 1663இல் துருக்கியப் படையெடுப்பின்போது சிறைபிடிபட்டு, மீண்டுவந்து, அந்தக் கதையை 1666இல் செய்யுளாகவே எழுதினார். கடைசியில் நாடுகடந்து சாக்சனியில் இறந்தார். யான் சிமோனிதெஸும் தோபியாஷ் மஸ்னீக்கும் மேலே சொன்ன நேப்பிள்ஸ் கப்பல் கூட்டத்தோடு நடத்திச் செல்லப்பட்டு வழியில் பிரிந்து பிழைத்தவர்கள். இருவரும் அதை எழுதிவைத்தார்கள். தானியேல் கிர்மான் 1708இல் சுவீடன் மன்னர் பன்னிரண்டாம் சார்லஸைத் தேடிப் புறப்பட்டு, படையோடு மாட்டிக்கொண்டு, பொல்தாவா போரையே நேரில் பார்த்தவர். அவர் பயணக் குறிப்புக்குத் தனியாக ஒரு பக்கம் எழுத வேண்டும். அவர் 1740இல் பிராத்திஸ்லாவா கோட்டைச் சிறையில் இறந்தார்.

இன்று அவர் நினைவாக என்ன இருக்கிறது?

1898இல் லிப்தோவ்ஸ்கி மிக்குலாஷில் லுத்தரன்கள் ஒரு பதிப்பகச் சங்கம் தொடங்கி, அதற்குத் 'திரானோஸ்கியுஸ்' என்றே பெயர் வைத்தார்கள். இன்றும் இயங்குகிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் ஸ்வெத்தி கிரீஷ் கிராமத்தின் மரக்கோயிலையும் பார்த்துவிட்டு வரலாம். 1774இல் பலூஜா என்ற ஊரில் கட்டியது. அந்த ஊர் அணைக்குள் மூழ்கப்போன சமயம் கோயிலைப் பலகை பலகையாகக் கழற்றி இங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். திரானோவ்ஸ்கி பார்த்த கோயில் அல்ல அது. அவர் பாட்டுகளைப் பாடவென்று கட்டிய கோயில்.

அவர் பாட்டு ஒன்றைக் கேட்க வேண்டும். எதிலிருந்து தொடங்கலாம்?

கிறிஸ்மஸ் பாட்டிலிருந்து. 'சாஸ் ராதோஸ்தி, வெசெலோஸ்தி' என்று தொடங்கும். 'மகிழ்ச்சியின் காலம், களிப்பின் காலம்' என்று பொருள். புத்தகத்தில் இடம்பெற்று, இன்றும் ஸ்லோவாக் வீடுகளில் கிறிஸ்மஸுக்கு ஒலிப்பது. இசைத்தளங்களில் ஸ்லோவாக் எழுத்தில் தேடினால் உடனே கிடைக்கும். ஆங்கிலம் வசதி என்றால், அமெரிக்க லுத்தரன் போதகர் யாரொஸ்லாவ் வாய்தா திரானோவ்ஸ்கியின் உயிர்த்தெழுதல் பாட்டு ஒன்றைப் பெயர்த்திருக்கிறார். அங்குள்ள லுத்தரன் பாட்டுப் புத்தகங்களில் இருக்கிறது.

ஒன்று மட்டும்: பெரிய பாடகர் குழு பாடிய பதிவை முதலில் போடாதீர்கள். வொய்வோதினா கிராமத்துச் சபையார் பாடிய பதிவு ஏதாவது அகப்பட்டால் அதைக் கேளுங்கள். மெதுவாக, ஒவ்வோர் அசையையும் இழுத்து, பாட்டிகள் முன்னால் போக, ஆண்கள் அரைத் தாளம் பின்னால் வருவார்கள்.